தாத்தா காலத்து மரைத் தலையோட்டில் ஏன் எண்ணெய் கசிகிறது?

கேள்வி இது: "எங்கள் தாத்தா தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பங்களா அப்புவாக இருந்தவர். 1975-ல் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது சீமைக்குப் போன துரை, சுவரில் மாட்டியிருந்த மரை (கடமான்) தலையோட்டைக் கொம்போடு அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனாராம். இப்போது அது மஞ்சளாகி, தொட்டால் பிசுபிசுக்கிறது. மழைக்காலத்தில் ஒரு வாடை. கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சணம் வேறு. பிளீச்சிங் பவுடரில் ஊறப்போட்டு வெள்ளையாக்கலாமா? அப்படியே, திருவிழாவுக்கு வெட்டும் கடாவின் தலையோட்டையும் இதுபோல் செய்து சுவரில் மாட்ட ஆசை. எப்படி?"

தம்பி, முதலில் பிளீச்சிங் பவுடரை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். எலும்பு என்பது வெறும் சுண்ணாம்புக் கட்டி இல்லை. சுண்ணாம்புச் சத்தை இழுத்துப் பிடித்து வைத்திருப்பது கொலாஜன் என்ற புரத நார். குளோரின் அந்த நாரைத்தான் தின்னும். ஊறப்போட்ட அன்றைக்கு வெள்ளை வெளேரென்று இருக்கும். பிறகு மேல்பக்கம் மாவாக உதிரும், மூக்கெலும்பு பிஸ்கட் மாதிரி நொறுங்கும். கழுவினாலும் உள்ளே தங்கியது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். இருபத்தெட்டு வருடம் ஒரு பல்கலைக்கழகத்தின் விலங்கியல் ஆய்வுகூடத்தில் எலும்புக்கூடு தயாரிப்பதுதான் என் வேலை. யாரோ குளோரினில் போட்டுக் கெடுத்த எருமைத் தலையோடு ஒன்றைத் திருத்தித் தரும்படி என்னிடம் கொண்டுவந்தார்கள். கையில் தூக்கும்போதே அண்ணம் கழன்று மேசையில் விழுந்தது. அதைத் திருத்த என்னால் முடியவில்லை, யாராலும் முடியாது.

எண்ணெய்க் கதைக்கு முன்னால் சட்டக் கதை. மரையும் புள்ளிமானும் இந்த நாட்டில் பாதுகாக்கப்பட்ட விலங்குகள். 1937-ஆம் ஆண்டின் 2-ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதற்குப் பின்னால் வந்த திருத்தங்களும் வேட்டையோடு நிற்கவில்லை. இறைச்சி, தோல், கொம்பு என்று உடம்பின் பாகங்களை வைத்திருப்பதையும் விற்பதையும் கேள்வி கேட்கின்றன. "பழசு ஐயா, துரை கொடுத்தது" என்று சொன்னால் மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். பக்கத்து வனஜீவராசிகள் அலுவலகத்துக்குப் போய், படத்தைக் காட்டி, எப்படி வந்தது என்று எழுதிக்கொடுத்து, அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். அந்தப் பதில் கைக்கு வரும்வரை பலகையிலிருந்து கழற்ற வேண்டாம். விலை பேசுகிறவன் எவனாவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். காட்டில் செத்துக் கிடக்கும் மானை எடுக்கும் எண்ணமும் வேண்டாம். ஓட்டன் சமவெளி 1988-லிருந்து தேசிய பூங்கா. அங்கே மரை தானாக உதிர்த்துப்போட்ட கொம்பைக்கூட எடுத்து வர முடியாது. மரைக்குக் கொம்பு விழுந்து மறுபடி முளைக்கும், ஆட்டுக்கும் மாட்டுக்கும் போல நிரந்தரம் இல்லை. உதிர்ந்த கொம்பின் அடி குமிழ் மாதிரி உருண்டிருக்கும். உங்களுடையது மண்டையோட்டோடு ஒட்டியிருக்கிறது, ஆகவே அது உதிர்ந்ததில்லை.

நம் மலையில் இந்தத் தலைகளுக்குப் பெரிய வரலாறே உண்டு. 1848-லிருந்து சில வருடம் நுவரெலியாவில் குடியிருந்த சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர், வேட்டைநாய்களையும் கத்தியையும் வைத்து மரை வேட்டையாடியதைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் மரையை 'எல்க்' என்றார்கள். எல்க் என்ற மிருகம் இந்தத் தீவில் ஒருநாளும் இருந்ததில்லை. ஆனாலும் நுவரெலியாவுக்குப் பக்கத்தில் எல்க் பிளேன்ஸ் என்ற ஊர்ப்பெயர் நின்றுவிட்டது. 1876-ல் தொடங்கிய நுவரெலியா ஹில் கிளப்பின் சுவர்களில் இன்றும் தலைகள் தொங்குகின்றன. துரைமார் சுட்டார்கள். தலையைச் சுத்தம் பண்ணும் வேலை குசினிக்கு வந்தது. குசினியில் ஒரு தலை கிடைத்தால் என்ன செய்வார்கள்? அண்டாவில் போட்டு அவிப்பார்கள். உங்கள் தலையோட்டில் இன்றைக்கு எண்ணெய் கசிவதற்கு அந்த அண்டாதான் காரணம் என்பது என் கணிப்பு.

எப்படியென்றால், எலும்புக்குள்ளே பஞ்சு மாதிரி ஒரு பகுதி இருக்கிறது. கொம்பு முளைக்கும் மேடு, பிடரிப்பக்கத்துத் தடித்த எலும்பு, தாடையின் அடி, இங்கெல்லாம் அந்தப் பஞ்சுக்குள் கொழுப்பு நிறைந்திருக்கும். கொதிக்கவைத்தால் சதை கழன்றுவிடும், உண்மைதான். ஆனால் உருகிய கொழுப்பு வெளியே வந்துவிடுகிற மாதிரி தோன்றினாலும், பாதி இன்னும் ஆழமாக எலும்புக்குள் இறங்கிவிடும். கூடவே கொலாஜன் வெந்து பசையாகிவிடும். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது, அதனால் பாதகமில்லை என்று ஒருவர் என்னோடு வாதாடினார். 94 பாகையும் எலும்புக்கு அடுப்புத்தான்; 60-ஐ எட்டவே விடக்கூடாது. அவித்ததை வெயிலில் காயவைத்து, பளபளக்க வார்னிஷ் பூசி, பலகையில் திருகாணி போட்டு மாட்டிவிட்டார்கள். உள்ளே சிக்கிய கொழுப்பு வருடக்கணக்கில் காற்றோடு சேர்ந்து மஞ்சளாகி, கனமாகி, வார்னிஷின் வெடிப்பு வழியாகக் கசிகிறது. அந்தப் பிசுக்கில் தூசி ஒட்டுகிறது. தூசியில் நம் ஊர் ஈரம் சேர்கிறது. பூஞ்சணத்துக்கு வேறென்ன வேண்டும்?

ஆகவே உங்கள் வேலை கொழுப்பை வெளியே எடுப்பது. வெள்ளையாக்குவது கடைசியில் வரும் சின்ன வேலை, வேண்டாமென்றால் விட்டேவிடலாம். இந்த வரிசையை மாற்றினால் இரண்டு மாதத்தில் மஞ்சள் திரும்பி வரும். எனக்கே வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பள்ளிக்கூடக் கண்காட்சிக்காக மாட்டுத் தலையோடு ஒன்றை அவசரமாக வெளுத்துக் கொடுத்தேன். கண்காட்சி அன்றைக்கு முத்துப் போல இருந்தது. அடுத்த தவணைக்கு அந்தப் பக்கம் போனபோது, கண்ணாடிப் பெட்டிக்குள் வெண்ணெய் தடவிய மாதிரி உட்கார்ந்திருந்தது. பெட்டியின் அடித்தட்டில் எண்ணெய் வட்டம்.

அலுவலகத்தில் சரி என்றார்கள் என்று வைத்துக்கொண்டு தொடர்கிறேன். பிள்ளைகள் இல்லாத இடமாக, வெளியே, கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு தலையோட்டை நன்றாகப் பாருங்கள். எங்கேயாவது தோலோ முடியோ ஒட்டியிருக்கிறதா? பழைய காலத்தில் தோலைப் பூச்சி அரிக்காமல் இருக்க ஆர்செனிக் கலந்த சவர்க்காரம் தடவுவார்கள். அது இன்றைக்கும் நஞ்சுதான். தோல் இருந்தால் தேய்க்க வேண்டாம், ஈரமாக்க வேண்டாம், அப்படியே விட்டுவிட்டு விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். வெறும் எலும்பு என்றால் மேலே போகலாம். துருப்பிடித்த திருகாணியை இழுத்துப் பிடுங்காதீர்கள். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு இரண்டு நாள் கழித்து மெதுவாகத் திருப்புங்கள். தலையோட்டுக்குள் ஆடுகிற பல் இருந்தால் கழற்றி, எந்தப் பக்கம் எத்தனையாவது என்று எழுதி ஒரு கடித உறையில் போடுங்கள். மேல் முன்பற்களைக் காணோமே என்று தேடவேண்டாம். மரைக்கும் ஆட்டுக்கும் மேலே முன்பல் கிடையாது.

பூஞ்சணத்தைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்து, சேர்ஜிக்கல் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தால் போதும். வார்னிஷ் இருக்கிறதா என்று பார்க்க, ஒரு மூலையில் அசிட்டோன் நனைத்த பஞ்சை வைத்துத் தேயுங்கள். பஞ்சு பழுப்பாகிப் பிசுபிசுத்தால் வார்னிஷ்தான். அதை முழுவதும் எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் சவர்க்காரத் தண்ணீர் எலும்புக்குள்ளேயே போகாது. அசிட்டோன் பக்கத்தில் அடுப்பு, பீடி, விளக்கு எதுவும் கூடாது. லயத்து அறைக்குள் அதைத் திறக்கவே வேண்டாம்.

இனித்தான் பெரிய வேலை. பெரிய பிளாஸ்டிக் வாளி, சுத்தமான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவச் சவர்க்காரம், சூடு, இவை போதும். பீலித் தண்ணியே நல்லது, இரும்புக் கறை வராது. பத்து லீட்டர் தண்ணீருக்கு அரைக் கோப்பை திரவம். உடுப்புத் தோய்க்கும் பவுடர் வேண்டாம். பலதில் புரதத்தைக் கரைக்கும் நொதி இருக்கிறது, மாதக்கணக்கில் ஊறினால் அது எலும்பின் நாரையும் தொடும். தலையோட்டை நேராக, கொம்பு மேலே நிற்கும்படி இறக்குங்கள். தண்ணீர் கொம்பின் அடி வளையத்துக்குக் கீழேயே நிற்க வேண்டும். அந்த வளையத்தைச் சுற்றி உணவு மூடும் பிளாஸ்டிக் தாளை இறுக்கிச் சுற்றி டேப் ஒட்டிவிடுங்கள். நீராவியும் தெறிப்பும் கொம்புக்குப் போகக்கூடாது.

சூடு என்றேனே, இந்த வேலையில் எழுதப்பட்டதெல்லாம் வெயில் ஊர்க்காரர்கள் எழுதியது. கொழும்பில் மொட்டைமாடியில் வாளியை வைத்துவிட்டால் வெயில் பார்த்துக்கொள்ளும். நமக்கோ நுவரெலியாவின் சராசரி வெப்பம் 16 பாகை அளவில் நிற்கிறது. தை மாசியில் விடியற்காலைப் புல்லில் உறைபனி கிடக்கிறது. அந்தக் குளிரில் எலும்புக்குள் கொழுப்பு உறைந்த நெய் மாதிரி அசையாமல் இருக்கும். சவர்க்காரம் வெளியே நின்று கதவைத் தட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். தண்ணீர் 40-லிருந்து 45 பாகைக்குள் இருந்தால்தான் அது இளகி வெளியே வரும். கணக்குப் பார்க்க வெப்பமானி இல்லையென்றால் கையை விடுங்கள்: சுடவேண்டும், ஆனால் வெடுக்கென்று கையை எடுக்க வைக்கக் கூடாது.

கரண்ட் உள்ளவர்கள் மீன் தொட்டிக்குப் போடும் ஹீட்டரை வாங்கலாம். பெரும்பாலானவை 32, 34 பாகைக்கு மேல் போகாது. அதுவும் நம் குளிருக்குப் பெரிய உதவிதான், வேலை மெதுவாக நடக்கும். மீன் வரும் ரிஜிபோம் பெட்டி ஒன்றை மீன்கடையில் கேட்டு வாங்கி, வாளியை அதற்குள் இறக்கி, இடைவெளியில் பழைய சாக்கைத் திணித்துவிட்டால் சூடு நிற்கும். ஹீட்டர் தண்ணீருக்குள் முழுதாக மூழ்கியிருக்க வேண்டும், வாளியையும் எலும்பையும் தொடக்கூடாது. கையை விடுமுன் பிளக்கைக் கழற்றிவிடுங்கள், இதில் விளையாட்டு வேண்டாம். கரண்ட் இல்லையென்றால் காலையும் மாலையும் தேத்தண்ணி போடும்போது ஒரு கேத்தல் வெந்நீரைச் சேர்த்து வைத்து, வாளியில் பாதியை எடுத்துவிட்டு மெதுவாக ஊற்றுங்கள். கொதிக்கக் கொதிக்க நேராக எலும்பின் மேல் ஊற்றினால் பல் வெடிக்கும்.

நாலைந்து நாளில் தண்ணீர் மங்கி, மேலே மஞ்சள் ஆடை கட்டும். ஆறவிட்டுப் பார்த்தால் வெள்ளைச் செதிலாக மிதக்கும். அதுதான் நீங்கள் தேடும் சாமான். தண்ணீரை மாற்றுங்கள். மறுபடி மங்கும், மறுபடி மாற்றுங்கள். அந்தத் தண்ணீரை ஓடையில் ஊற்றாதீர்கள், கீழ் லயத்து ஆட்கள் அதைத்தான் குடிக்கிறார்கள். ஒரு குழி வெட்டி ஊற்றுங்கள். எத்தனை நாள் என்று கேட்பீர்கள். ஆட்டுத் தலைக்கு நாலு வாரம் போதும். பன்றிக்கு ஆறு மாதம் பார்த்திருக்கிறேன். உங்கள் மரைக்கு மூன்று மாதம் என்று மனதைத் தயார் பண்ணுங்கள், ஏனென்றால் ஐம்பது வருடம் பழகிய கொழுப்பு அரைவாசி வார்னிஷாக மாறியிருக்கும். அது புதுக் கொழுப்பு மாதிரி இளகாது.

முடிந்துவிட்டதா என்று ஈரத்தில் பார்த்துச் சொல்ல முடியாது. ஈர எலும்பு எல்லாமே அழகாகத்தான் இருக்கும். வெளியே எடுத்து, நிழலில், காற்றோட்டமான இடத்தில் காயவிடுங்கள். வெயிலில் வேண்டாம், வேகமாகக் காய்ந்தால் கடைவாய்ப்பல் நெடுக வெடிக்கும். அடுப்புக்கு மேலே பரணில் வைத்தால் புகை ஏறிக் கறுக்கும். பனிமூட்டம் உள்ள மாதத்தில் மூன்று வாரம்கூடக் காய எடுக்கும். காய்ந்த பிறகு வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கொழுப்பு போன இடம் சுண்ணாம்பு மாதிரி மங்கலாக இருக்கும். கொழுப்பு உள்ள இடம் வடை சுற்றிய கடதாசி மாதிரி, ஒளி ஊடுருவும் மஞ்சள் திட்டாகத் தெரியும். கொம்பு மேட்டிலும் பிடரியிலும் அந்தத் திட்டு கட்டாயம் இருக்கும் என்று எதிர்பாருங்கள். இருந்தால் மறுபடி வாளிக்கு.

மூன்று தடவை வாளிக்குப் போயும் அசையாத திட்டு இருந்தால் அப்போது அசிட்டோன். எலும்பு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் அசிட்டோன் தண்ணீரோடு கலந்துவிடும், கொழுப்பைத் தொடாது. கொம்போடு மூழ்கவைக்கப் பாத்திரம் கிடைக்காது. அந்த இடத்தில் மட்டும் பருத்தித் துணியை நனைத்துச் சுற்றி, மேலே அலுமினியத் தாளால் மூடி, வீட்டைவிட்டுத் தள்ளி வெளியே அரை நாள் வையுங்கள். துணி மஞ்சளாகும். புதுத் துணி போடுங்கள். மிச்ச அசிட்டோனைக் கண்ணாடிப் போத்தலில் மூடி வையுங்கள், ரிஜிபோம் பெட்டியில் ஊற்றினால் பெட்டியே கரைந்துவிடும். பெயின்ட் கடையில் தின்னரை எடுத்துக் கொடுத்து "ரெண்டும் ஒண்ணுதான்" என்பார்கள். ஒன்று இல்லை. தின்னர் பல திரவங்களின் கலவை, கடைக்குக் கடை வேறு.

மண்ணெண்ணெயில் ஊறப்போடச் சொல்லும் ஆட்கள் எல்லாத் தோட்டத்திலும் உண்டு. ஒரு எண்ணெயை எடுக்க இன்னொரு எண்ணெயை ஊற்றுவானேன்? வாடை ஆயுளுக்கும் போகாது. பெட்ரோல் பற்றி நான் பேசவே போவதில்லை. அமோனியா சேர்க்கலாம் என்பது உண்மை, ஆனால் பிளீச் வைத்திருக்கும் வீட்டில் அதை நான் பரிந்துரைப்பதில்லை. இரண்டும் கலந்தால் வரும் வாயு நுரையீரலைப் புண்ணாக்கும்.

கொழுப்புப் போன பிறகு எலும்பு தானாகவே வெளிர் தந்த நிறத்துக்கு வந்திருக்கும். எனக்கு அது போதும், இன்னும் வெளுக்க வேண்டும் என்பது அவரவர் விருப்பம். வெளுப்பதென்றால் ஹைட்ரஜன் பெரொக்சைட். பார்மசியில் கிடைக்கும் சின்னப் போத்தல் 3 சதவீதம். சலூனில் முடிக்குச் சாயம் போடுவதற்கு வைத்திருக்கும் களிம்பு 20 வொலியூம் என்றால் 6 சதவீதம், 40 வொலியூம் என்றால் 12. எலும்புக்கு 20 வொலியூமே தாராளம். கண்ணாடி, கையுறை போட்டுக்கொண்டு, பழைய பல் பிரஷ்ஷால் எலும்பில் மட்டும் தடவி, பிளாஸ்டிக் தாளால் தளர்வாக மூடி, இரண்டு மூன்று மணி நேரம் விட்டுக் கழுவுங்கள். இறுக்கி மூடிய டப்பாவில் வைக்காதீர்கள், வாயு வெளியாகி டப்பா வெடிக்கும். கொம்பில் ஒரு சொட்டு பட்டாலும் அந்த இடம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும்.

அப்படிப் பட்டுவிட்டால், அல்லது துரை காலத்திலேயே கொம்பு வெளிறிப் போயிருந்தால், மருந்து உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. கொம்பும் எலும்புதான். அதன் பழுப்பு நிறம் மரை மரத்தில் தேய்க்கும்போது மரப்பட்டையின் சாறும், காய்ந்த இரத்தமும், சேறும் சேர்ந்து ஏறியது. ஆகவே மேலிருந்து போனதை மேலிருந்தே திருப்பித் தரலாம். டஸ்ட் தேயிலையைக் கெட்டியாகக் காய்ச்சி, பால் சீனி இல்லாத அந்தச் சாயத்தைத் தூரிகையால் ஐந்தாறு தடவை, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு, தடவுங்கள். பள்ளத்தில் கருமையாகவும் மேட்டில் வெளிராகவும் இருக்க வேண்டும். முனைகளை ஈரத்துணியால் துடைத்து வெளிறவிடுங்கள், உண்மையான கொம்பில் முனை தேய்ந்து பளபளக்கும். இன்னும் கருமை வேண்டுமென்றால் கொண்டீஸ் (பொட்டாசியம் பெர்மாங்கனேட்) கரைசல். ஊதாவாக ஏறி, சற்று நேரத்தில் பழுப்பாக மாறும். விரலிலும் அப்படியே ஏறும் என்பதால் கையுறை.

இனி கடாத் தலை. இதில் வனவிலங்குச் சட்டச் சிக்கல் இல்லை, கை பழக இதைத்தான் முதலில் செய்யுங்கள். மரையில் கை வைக்குமுன் ஒரு கடாத் தலையாவது முடித்திருக்க வேண்டும் என்பேன். தலைக்கறிக்காகத் தணலில் வாட்டிய தலை இதற்கு ஆகாது. மூக்கெலும்பு கருகி, கொழுப்பு உள்ளே உருகியிருக்கும். முனியாண்டிக்கு வெட்டும் அன்றைக்கே பூசாரியிடமும் வீட்டுப் பெரியவர்களிடமும் சொல்லி, வாட்டாத தலையாகக் கேளுங்கள். குட்டியின் தலை வேண்டாம், பொருத்துகள் கழன்று இருபது துண்டாகப் போகும். முதிர்ந்த கடா நல்லது. தலைக்கறி போய்விட்டதே என்று வீட்டில் முணுமுணுப்பார்கள், அதற்கு என்னிடம் வழி இல்லை.

தோலை உரித்து, கண், நாக்கு, கையால் வரும் சதை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். மூளையை ஒரு வளைந்த கம்பியால் கலக்கிப் பின்துவாரம் வழியாகத் தண்ணீர் அடித்து வெளியேற்றுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்கு இந்த வேலை வேண்டாம். பிறகு மூடியுள்ள வாளியில் வெறும் தண்ணீர். உப்பும் போடக்கூடாது, சவர்க்காரமும் போடக்கூடாது. சதையைத் தின்னப்போவது நுண்ணுயிர்கள், அவற்றைக் கொன்றுவிட்டால் வேலை நடக்காது. வாடை? சொல்லி வைக்கிறேன்: மூன்று லயத்துக்குத் தெரியும். தேயிலை மலை ஓரமாக, காற்று வீடுகளின் பக்கம் அடிக்காத இடமாகப் பாருங்கள். வெயில் ஊரில் இரண்டு வாரத்தில் முடிவது நம் குளிரில் இரண்டு மாதம் இழுக்கும். இன்னொரு தொல்லையும் உண்டு: குளிர்ந்த தண்ணீரில் கொழுப்பு அழுகாமல், வெள்ளை மெழுகுக் கட்டியாக எலும்பில் இறுகிவிடும். அதைச் சுரண்டி எடுப்பது பெரும்பாடு. ஆகவே இங்கேயும் அதே ஹீட்டர், 30 பாகை போதும். தண்ணீரை மாற்றும்போது கால்வாசிப் பழைய தண்ணீரை விட்டுவையுங்கள், அதில்தான் நுண்ணுயிர்ப் படை இருக்கிறது. ஊற்றும் தண்ணீரைச் சல்லடையில் வடியுங்கள், பற்கள் அதில் சிக்கும்.

ஆட்டுக் கொம்பு மரைக் கொம்பு மாதிரி இல்லை. வெளியே இருப்பது நகம் போன்ற கூடு, உள்ளே எலும்புத் தண்டு. ஒன்றிரண்டு வாரத்தில் கூடு தளரும். திருகி உருவி, உள்ளே கழுவி, தனியாக நிழலில் காயவையுங்கள். கடைசியில் மரவேலைக்கு வாங்கும் வெள்ளைக் கம் போட்டு ஒட்டிவிடலாம். தண்ணீரிலேயே விட்டால் கூடு ஊறி இதழ் இதழாகப் பிரியும்.

வாடைக்குப் பயந்து மண்ணில் புதைக்கலாமா என்று நிச்சயம் கேட்பீர்கள். மற்ற ஊரில் கேட்டால் பரவாயில்லை என்பேன். தேயிலை மண் புளித்த மண். தேயிலைக்குப் பிடித்ததே 4.5-லிருந்து 5.5 வரை கார அமில அளவுள்ள மண். அந்தப் புளிப்பு எலும்பின் சுண்ணாம்பைக் கரைக்கும். ஆறு மாதம் கழித்துத் தோண்டினால், தேத்தண்ணி நிறத்தில், வேர் ஓடிய தடத்தோடு, அம்மை போட்ட முகம் மாதிரி வரும். அதுவும் நாயோ காட்டுப்பன்றியோ முந்திக்கொள்ளாவிட்டால். கருவாட்டில் வரும் முடி முளைத்த புழுவும் கறுப்பு வண்டும் இருக்கிறதே, அருங்காட்சியகங்களில் அந்த இன வண்டுகளை வளர்த்துத்தான் சின்ன எலும்புக்கூடுகளைச் சுத்தம் பண்ணுகிறார்கள். எலும்பில் ஒரு கீறல் விழாது. ஆனால் அவற்றுக்கு 25 பாகைக்கு மேலே சூடு வேண்டும், நம் குளிரில் சோம்பிப் படுத்துக்கொள்ளும். தப்பித்து வீட்டுக்குள் வந்தால் கம்பளி, தோல் செருப்பு, கருவாட்டுச் சட்டி எல்லாம் அதன் சாப்பாடு. வீட்டில் செய்யும் காரியமில்லை.

சதை போன பிறகு கடாத் தலையும் மேலே சொன்ன அதே சவர்க்கார வாளி வழியாகத்தான் போகவேண்டும். மூக்கின் உள்ளே சுருட்டிய கடதாசி மாதிரி மெல்லிய எலும்புகள் உண்டு. தண்ணீர்க் குழாயை அதற்கு நேரே பிடிக்காதீர்கள், ஒரு நொடியில் அடித்துக்கொண்டு போய்விடும்.

மாட்டும் நேரம் வந்தால், உதிரும் இடங்களுக்கு மட்டும் வெள்ளைக் கம்மை ஒன்றுக்கு ஐந்து தண்ணீரில் கரைத்துத் தடவுங்கள். பற்களையும் அதே கம்மால் அதனதன் குழியில் வையுங்கள். முழுவதும் வார்னிஷ் வேண்டவே வேண்டாம், உள்ளே மிச்சக் கொழுப்பு இருந்தால் மறுபடி அடைத்துவிடும். இரும்புத் திருகாணிக்குப் பதில் பித்தளை. சுவரோடு ஒட்டாமல், பலகைக்குப் பின்னால் இரண்டு சின்னக் கட்டை வைத்து விரலளவு இடைவெளி விடுங்கள். லயத்துச் சுவர் ஆடி மாதத்தில் வேர்க்கும், அந்த ஈரம்தான் பூஞ்சணத்துக்குப் படி. அடுப்படிச் சுவர் வேண்டாம், சாமிப்படத்துக்குப் பக்கத்திலும் மாட்ட உங்கள் ஆத்தா விடமாட்டார். வாசல் அறையில், யன்னல் வெயில் நேராகப் படாத சுவராகப் பாருங்கள்.

ஹீட்டர் வாங்கினால் 100 வொட் ஒன்றாக வாங்குங்கள். சின்னது நம் ஊர்க் குளிரில் பெரிய வாளியைச் சூடாக்காது.